புதுப்பிப்பு: காம்பொனென்ட் பற்றிப் பேச பீளமேட்டில் கூடினோம்

காம்பொனென்ட்களை, அதாவது பல பக்கங்களில் திரும்பப் பயன்படுத்தக்கூடிய தனித்தனித் துண்டுகளை, கோத்து வெப் ஆப் கட்டுவது பற்றிக் கோவையில் உட்கார்ந்து பேசலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். சனிக்கிழமை கூடிவிட்டோம். ஈரோடு, திருப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

இப்படிக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளான ரியாக்ட் (2013-ல் வந்தது), வியூ (2014-ல் வந்தது) ஒப்பீடு சீக்கிரமே முடிந்தது. நேரமெல்லாம் போனது திருப்பூர் நண்பர் ஒருவர் காட்டிய சைஸ் அட்டவணையில்தான். பனியன் ஆர்டரில் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று நிறத்துக்கு ஒரு வரிசை. ஆர்டர், கட்டிங், பேக்கிங் என்று எல்லாப் பக்கத்திலும் அதே அட்டவணைதான் வரும். அதை ஒரே கஸ்டம் எலிமென்ட்டாக, அதாவது நாமே பெயர் வைத்து உருவாக்கும் எச்டிஎம்எல் டேகாக, ஆக்கியிருக்கிறார். பெயரில் ஹைஃபன் கட்டாயம், அதனால் 'சைஸ்-டேபிள்'. எலிமென்ட்டின் உள்பகுதியைப் பக்கத்திலிருந்து பிரித்து வைக்கும் ஷேடோ டாம் இருந்ததால், பக்கத்தின் சிஎஸ்எஸ் (தோற்றத்தைத் தீர்மானிக்கும்) விதிகள் உள்ளே நுழையவில்லை. ஆனால் எழுத்துருவும் எழுத்தின் நிறமும் மட்டும் இறங்கி வந்தன. அது பிழையில்லை, அந்தப் பண்புகள் மேலிருந்து கீழே வருபவை. கம்பெனிக்கு ஏற்ற நிறம் வேண்டுமென்றால் சிஎஸ்எஸ் வேரியபிள் (பெயரிட்டு வைக்கும் மதிப்பு, அதுவும் இப்படியே உள்ளே இறங்கும்) போதும் என்று அங்கேயே மாற்றிக் காட்டினார். அருமை!

என்னைக் கேட்டால், முதல் நாளே எதையும் பொதுவாக்க வேண்டாம். இன்னொரு பக்கமும் அதையே கேட்கும்போது பிரித்தெடுக்கலாம். வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகளிடமும் இதை அழுத்திச் சொன்னேன்.

சரி, அடுத்தது ஈரோட்டில். டெஸ்டிங் பற்றிப் பேச முன்வருபவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.