கிராப்பிக்கு வாங்கின கிராங்க்பெயிட் முத்தையன்கட்டில் எடுபடுமா?

குளத்தடியான்:
வணக்கம் உறவுகளே. ஒன்ராறியோவில் இருக்கிற மச்சான் போன ஆடியில் ஊருக்கு வந்து நின்றுவிட்டு, போகும்போது ஒரு பெட்டி கிராங்க்பெயிட்டை என்னிடம் தந்துவிட்டுப் போனார். இரண்டு அங்குலத்தில் வயிறு பருத்த பொய்மீன், முன்னுக்குக் கண்ணாடி மாதிரி ஒரு சொண்டு, வயிற்றிலும் வாலிலும் மூன்று முள் சேர்ந்த கொளுவி. அங்கே கிராப்பி என்கிற நன்னீர் மீனுக்கு இதைப் படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடுவார்களாம். நானும் மாமாவின் பைபர் வள்ளத்தில் 15 குதிரைவலு எஞ்சினைப் பூட்டி இரண்டு ஞாயிறு முத்தையன்கட்டுக் குளத்தில் இழுத்துப் பார்த்தேன். விரால் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து இரை மரக் குத்திகளில் மாட்டி அறுந்ததுதான் மிச்சம். இதே குளத்தில் தாமரை ஓரமாக ரப்பர் தவளையைப் போட்டால் விரால் பாய்ந்து அடிக்கிறது, அப்போ பிழை இரையிலா, வேகத்திலா, இல்லை என்னிலா?

ஸ்காபுரோ சின்னவன்:
தம்பி, மச்சான் கிராப்பி எப்படிப்பட்ட மீன் என்று சொல்லாமல் பெட்டியை மட்டும் தந்திருக்கிறார். அது கோடையில் கரையை விட்டு நடுநீருக்குப் போய், அடியிலும் இல்லாமல் மேலேயும் இல்லாமல் கூட்டமாக அந்தரத்தில் நிற்கிற மீன். எங்கே நிற்கிறது என்று தெரியாததால்தான் நாலைந்து தூண்டிலை விரித்துப் பெரிய பரப்பை அரித்துக்கொண்டு ஓடுவது, மிசிசிப்பிப் பக்கத்து நீர்த்தேக்கங்களில் ஆடி ஆவணி வெயிலில் இதுதான் வேலை. விராலோ மேலே வந்து காற்றுக் குடிக்கிற மீன், புல்லுக்குள்ளும் தாமரைக்குள்ளும் பதுங்கி இருந்து அடிக்கும். நீங்கள் நடுக்குளத்தில் இழுத்தால் அதற்கு எப்படித் தெரியும்?

அடுத்தது வேகம். கிராப்பிக்கு மணிக்கு 2.4 முதல் 3.2 கிலோமீட்டர், அதாவது மாட்டை மேய்த்துக்கொண்டு நடக்கிற நடை. 15 குதிரைவலு எஞ்சின் ஆகக் குறைத்துவிட்டாலும் அதைவிட வேகமாகத்தான் தள்ளும். இரண்டு வாளியைக் கயிற்றில் கட்டி வள்ளத்தின் இரண்டு பக்கமும் தண்ணீரில் விடுங்கள், வேகம் தானாக விழும். போனில் ஜிபிஎஸ் இருக்கிறதுதானே, அதைப் பார்த்துக்கொண்டு ஓடுங்கள். இன்னொன்று, கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி, அடித்ததும் வெட்டி இழுத்தால் கிழிந்துவிடும், அதனால் மெல்லிய நெகிழ்வான கம்பு வைத்திருப்பார்கள். அதே கம்பால் விராலின் எலும்பு வாயில் முள் ஏறாது.

மாங்குளத்துப் பெரியவர்:
குத்தியில் ஏன் மாட்டுகிறது என்றால், தங்கூசியை, அதுதான் தூண்டில் நைலோன் நூலை, நீளமாக விட்டிருப்பாய். எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி) விட்டாய் என்று எழுதவே இல்லையே. பெட்டியில் 8 முதல் 12 அடி என்று போட்டிருக்கும், அது வீசி இழுக்கும்போது போகிற ஆழம். வள்ளத்துக்குப் பின்னால் 15, 16 பாகம் விட்டு இழுத்தால் இன்னும் கீழே போகும், தங்கூசி மெல்லியதாக இருந்தால் அதைவிடவும் கீழே. ஆவணி புரட்டாதியில் நீர் வற்றின குளத்தில் அது நேரே குத்திக்குள்தான். 5 பாகத்தில் ஒரு சிவப்பு நூல், 10 பாகத்தில் ஒரு கறுப்பு நூல் கட்டி வை, பிறகு எவ்வளவு விட்டோம் என்ற குழப்பம் வராது.

மாட்டினால் இழுக்காதே தம்பி! எல்லாரும் செய்கிற பிழை அதுதான். இது மிதக்கிற இரை, தங்கூசியைத் தளர்த்திவிட்டால் பாதி நேரம் தானாகக் கழன்று மேலே வரும். வராவிட்டால் வள்ளத்தை அதைத் தாண்டிக் கொண்டுபோய் மறுபக்கத்திலிருந்து இழு. இரை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடுகிறதா என்றும் பார். வலப்பக்கம் இழுத்தால் மூக்கு வளையத்தைக் குறட்டால் இடப்பக்கம் ஒரு மயிரிழை வளைத்துவிடு. நான் ஒருமுறை அளவுக்கு மிஞ்சி வளைத்து வளையத்தையே முறித்தவன்.

வலை கிடக்கிற இடத்தை மீனவர் சங்கத்து ஆட்களிடம் கேட்டுக்கொண்டு போ. மற்றவன் வலையில் உன் மும்முள் ஏறினால் அந்தச் சண்டை மீனைவிடப் பெரிசு.

வட்டுவாகல் கொடுவா:
பெரியவர் சொன்னதோடு ஒன்று. இப்படி இரையை வள்ளத்தால் இழுப்பதை ஆங்கிலத்தில் ட்ரோலிங் என்பார்கள். எங்கள் பக்கம் நான் ஒருநாள் மீன்வாடியடியில் நின்று ‘ட்ரோலிங் போகப்போகிறேன்’ என்று வாயை விட்டேன், அங்கே இருந்தவர்கள் முகம் மாறிவிட்டது. 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்த இழுவைமடியை நினைத்துவிட்டார்கள், கடலடியை வழித்துக்கொண்டு போகிற அந்தப் பெரிய வலையோடு என் இரண்டு அங்குலப் பொய்மீனை யார் ஒப்பிட்டாலும் கோபம் வரும்தான். இப்போ ‘இழுதூண்டில்’ என்றுதான் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டியை விராலுக்கு வீணாக்காமல் கொடுவாவுக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் அப்படியே இல்லை. எங்கள் வட்டுவாகல் பக்கத்து நந்திக்கடல் களப்பு பல இடங்களில் இடுப்பளவு நீர்தான், நீளச் சொண்டுக்காரன் சேற்றை உழுதுகொண்டு வரும், 3 பாகத்துக்கு மேல் விடவேண்டாம். கிராப்பி இரையில் இருக்கிற மெல்லிய கொளுவியைக் கொடுவா நிமிர்த்திவிடும், கழற்றிவிட்டுத் தடித்தது பூட்டுங்கள். செவிள் ஓரம் பிளேடு மாதிரி, முன்னால் ஒரு பாகம் தடித்த தங்கூசி கட்டாயம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் அடுத்த கிழமை துருதான் பிடிபடும்.

குளத்தடியான்:
எல்லாருக்கும் நன்றி. பெரியவர் ஐயா, நீங்கள் சொன்ன பிறகுதான் அளந்தேன், அந்த இரண்டு ஞாயிறும் 20 பாகம் விட்டிருக்கிறேன்... வெட்கமாக இருக்கிறது. நேற்று வாளி கட்டி, 4 பாகத்தில், தாமரைக்கு வெளியே ஓரமாகத் துடுப்பால் வலித்துக்கொண்டு போனேன். ஒரு விரால், முக்கால் கிலோ வரும், அதுவும் வள்ளம் திரும்பும்போது இரை ஒரு கணம் நின்று மேலே எழும்பினபோதுதான் அடித்தது. மிச்ச ஏழு இரையும் பெட்டிக்குள் பத்திரம். கொடுவா அண்ணை, வட்டுவாகலுக்கு வாறதென்றால் காலையிலா மாலையிலா நல்லது?