‘ஆளிப்படுத்தல்’ வேண்டாம், ‘முனைதிரும்பல்’ என்போம்

ஐயா,

‘டொமெயின் சுவிச்சிங்’ என்பதற்கு ‘ஆட்சி ஆளிப்படுத்தல்’ என்ற உங்கள் முன்மொழிவு எனக்கு ஒத்துவரவில்லை. ஆளி என்றால் போடுவது, நிற்பாட்டுவது, அவ்வளவுதான். பெரோமின் பளிங்கு புலம் இல்லாமலே மின்முனைவு கொண்டது, புலத்தால் அதைத் திருப்பலாம்; முனைவு ஒரே திசையில் இருக்கும் ஒவ்வொரு திட்டும் ஒரு டொமெயின். அதில் எதிர்ப்புலம் கொடுத்ததும் முதலில் மேற்பரப்பில் புதிய திசையில் சிறு கரு தோன்றும். அது ஊசிபோல மறுமுகம் வரை ஓடும். பிறகுதான் அதன் சுவர் பக்கவாட்டில் நகர்ந்து அயல் திட்டை விழுங்கும். புலத்தை எடுத்தால் சில திட்டுகள் பழைய திசைக்கே போய்விடும். ‘முனைதிரும்பல்’ என்று வைத்தால் இதற்கு ‘மீள்திரும்பல்’ தானாக வரும். டொமெயினுக்கு ‘முனைத்திட்டு’ போதும். ‘ஆட்சி’யைக் கணிதம் சார்புக்கு எடுத்துவிட்டது, ‘புலம்’ ஏற்கெனவே மின்புலத்துக்கு இருக்கிறது.

ஈரலிப்பைப் பற்றி எழுதும்போதுதான் இந்த வேறுபாடு உதவும். திட்டின் முகத்திலுள்ள கட்டுண்ட ஏற்றத்தை எதிரேற்றம் ஈடுசெய்யாவிட்டால் முனைவை எதிர்க்கும் முனைவழிப்புப் புலம் எழும், மீள்திரும்பலும் கூடும். காற்றின் நீராவி முகத்தில் மெல்லிய படலமாக ஒட்டும்போது அதிலுள்ள அயன்கள் அந்த ஈட்டைச் செய்கின்றன. அணுவிசை நுணுக்குக்காட்டியின் கூர்முனையால் எழுதும் திட்டு ஈரக் காற்றில் அகலமாவதும் இதனோடு சேர்ந்ததே: முனையடியில் நீர்ப்பாலம் உண்டாகிப் புலமும் ஏற்றமும் பக்கவாட்டில் பரவுகின்றன. முகத்தில் மின்வாய் பூசிய மாதிரியில் மின்வாயின் அடிக்கு ஈரம் எட்டாது. அங்கே விளிம்புதான் வில்லங்கம்.

ஆய்கூடத்தில், புலத்துக்கு எதிரே முனைவாக்கத்தை வளையமாகக் காட்டும் சோயர்–ரவர் சுற்றில் பார்க்கலாம். 1 மி.மீ. தடிப்புள்ள திரைகிளைசீன் சல்பேற்றுப் பளிங்கு, இருபுறமும் வெள்ளிப் பசை, விளிம்பில் 2 மி.மீ. வெறுமையாக. மாதிரியோடு தொடராக வரும் மேற்கோள் கொள்ளளவியின் கொள்ளளவம் மாதிரியினதைவிட 100 மடங்காவது பெரிதாக இருக்கட்டும். விளிம்பில் ஈரம் ஏறினால் பொசிவோட்டம் கூடி, வளையத்தின் நுனிகள் உருண்டுவிடும். புலம் பூச்சியமானபின் எஞ்சிய முனைவாக்கம் கூடிவிட்டதாக அதை வாசிக்கக்கூடாது. மீடிறனைக் குறைத்துப் பாருங்கள்: வளையம் இன்னும் ஊதினால் பொசிவுதான். விளிம்பை ஐசோபுரொப்பனோலால் துடையுங்கள், தண்ணீர் பட்டால் பளிங்கே கரையும். சூடாக்கி உலர்த்தவும் வேண்டாம், 49 பாகை செல்சியசில் பெரோமின் இயல்பே போய்விடும்.

*

தம்பி,

‘மீள்திரும்பல்’ சரி, ‘முனைதிரும்பலை’யும் ஏற்கிறேன். ‘முனைத்திட்டு’ சுவருக்கும் ஒத்துப்போகிறது: திட்டுச்சுவர். ஆனால் சாரீரப்பதனை (காற்றின் ஈரச் சதவீதத்தை) நிலைப்படுத்தும் முறையை நீர் எழுதவில்லையே. அது இல்லாமல் யாழ்ப்பாணத்தில் கார்த்திகையில் எடுத்த வளையத்தையும் ஆடியில் எடுத்ததையும் எப்படி ஒப்பிடுவது?

மூடிய கண்ணாடி உலர்த்தியின் அடியில் நிரம்பிய உப்புக் கரைசல் வையும். மகனீசியம் குளோரைட்டு 33 சதவீதம் தரும், சோடியம் குளோரைட்டு 75. அடியில் கரையாத உப்பு எப்போதும் கிடக்கவேண்டும், கரைசல் மாதிரியில் தெறிக்கக்கூடாது. ஒரு நாள் விட்டு, மூடியைத் திறக்காமலே அளக்கும். வயரை ரப்பர் அடைப்பினூடாக இறக்கலாம். ஆனையிறவுக் கல்லுப்பை அப்படியே போடவேண்டாம்: அதில் ஒட்டியிருக்கும் மகனீசியம் உப்புகள் 75ஐக் கீழே இழுத்துவிடும். ஆய்கூடத் தூய்மையுள்ள உப்பே வேண்டும். பொற்றாசியம் சல்பேற்றுக் கரைசல் 97 தரும், அதில் இந்தப் பளிங்கின் முகம் பழுதாகிவிடும், தொடவேண்டாம்.

இன்னொன்று. பாடநூல்கள் ரொஷெல் உப்பில்தான் (சோடியம் பொற்றாசியம் தாத்தரேற்று) தொடங்கும், 1920களின் தொடக்கத்தில் பௌதிகவியலாளர் வலசெக் பெரோமின் இயல்பைக் கண்டதும் அதில்தான். அதன் மேல் கியூரி வெப்பநிலை, அதாவது பெரோமின் இயல்பு மறையும் மேல் எல்லை, 24 பாகை செல்சியசு. குளிரூட்டி இல்லாத எங்கள் அறையில் திரும்புவதற்குத் திட்டே இராது. அந்த உதாரணத்தை எடுத்துவிட்டு உமது பளிங்கையே வரைவிலக்கணத்தோடு போடும்.