புதுப்பிப்பு: படகு கண்காட்சில ஸ்டால் போட்டுட்டு வந்தாச்சு

சின்ன டீலர் நான், இருக்கற 3 படகையும் ஷோவுக்கு கொண்டு போகவா இல்ல ஒண்ணு போதுமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, நிறைய பேர் ஒண்ணு போதும்னீங்க, அதையே செஞ்சேன், ரொம்ப நன்றி. 16 அடி ஃபைபர் படகு ஒண்ணு, பக்கத்துல ஏணி, மிச்ச இடமெல்லாம் ஆளுங்க நின்னு பேச.

அந்த ஏணிதாங்க பெரிய விஷயம். மேல ஏறி ஸ்டீயரிங்கைப் பிடிச்சு உட்காந்தவங்கதான் நின்னு கேள்வி கேட்டாங்க, கீழயே நின்னவங்க நோட்டீஸ் வாங்கிட்டு நகர்ந்துட்டாங்க. குழந்தைங்க ஏறினா அப்பா அம்மாவும் பின்னாடியே ஏறிடறாங்க.

ஹாலுக்குள்ளங்கறதால பெட்ரோல் டேங்க் கிட்டத்தட்ட காலியா இருக்கணும், பேட்டரி வயரைக் கழட்டிடணும்னு விதி. தீப்பிடிக்கற பயம், நியாயம்தான், ஆனா லைட்டு, மீன் காட்டற ஸ்கிரீன் எதையும் போட்டுக் காட்ட முடியல, முன்னாடியே வீடியோ எடுத்து வச்சிருக்கணும் (போறவங்க இதை மறக்காதீங்க).

ஷோவுல ஒண்ணும் விக்கல. ஆனா நம்பர் குடுத்த ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் ஓட்டப்போறது ஏரியிலயா கடல்லயா, எத்தனை பேர் போவாங்க, படகை இழுத்துட்டுப் போற வண்டி எதுன்னு எழுதி வச்சிருந்தேன், திரும்பி வந்த மறுநாளே கூப்பிட ஆரம்பிச்சேன், 4 பேர் தண்ணில ஓட்டிப் பாக்க வந்தாங்க, நேத்து ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டார்.