44 வயதில் அலைச்சறுக்கு: நல்ல ஆசிரியரை எப்படி அடையாளம் காண்பது?

அடையாறு வாசகி:

வணக்கம். வங்கியில் வேலை செய்கிறேன். 41 வயதில் நீச்சல் கற்றேன். இப்போது குளத்தில் நிற்காமல் 400 மீட்டர் நீந்துவேன். போன மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் இடத்தில் அலைச்சறுக்கு வகுப்புக்குப் போனேன். ஒன்பது பேருக்கு ஓர் ஆசிரியர். மணலில் ஐந்து நிமிடம் படுத்து எழச் சொன்னார், அவ்வளவுதான் பாடம். பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நிறுத்தி, அலை வரும்போதெல்லாம் ஒவ்வொருவர் பலகையையும் பின்னாலிருந்து தள்ளிவிட்டார். நான்காவது முறை விழுந்து தலையைத் தூக்கினேன். பலகை திரும்பி வந்து கன்னத்தில் அடித்தது. கண்ணுக்கு இரண்டு விரற்கடை கீழே. வீக்கம் வடியப் பத்து நாள் ஆயிற்று.

வீட்டில் அண்ணன் இனிமேல் கடல் பக்கமே போகக் கூடாது என்கிறார். ஆனால் அடி படுவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை மூன்று விநாடி நின்றேன். காலுக்கு அடியில், பலகைக்குக் கீழே தண்ணீர் சலசலவென்று ஓடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை மறுபடி கேட்க வேண்டும்.

வலது முழங்காலில் கொஞ்சம் வலி உண்டு. ஆசிரியரிடம் பணம் கட்டுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வரைவாளர்:

சகோதரி, நான் 49 வயதில் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் தொடங்கினேன். இப்போது 56. உங்கள் அண்ணனின் பயம் நியாயமானது. அதற்குக் காரணம் உங்கள் வயது இல்லை, அந்த வகுப்பு. நிற்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் விழக் கற்றுக்கொடுக்க வேண்டும். தலை முன்னால் போக ஒருபோதும் குதிக்கக் கூடாது. பலகையை விட்டு விலகி, தட்டையாக, பக்கவாட்டில் விழ வேண்டும். தண்ணீருக்கு மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு வர வேண்டும். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகை இருக்கவே கூடாது. இவற்றை மணலிலேயே பத்து முறை செய்ய வைக்காதவரிடம் போகாதீர்கள்.

என் ஆசிரியருக்கு அப்போது 23 வயது, மீனவர் வீட்டுப் பிள்ளை. மூர்த்தி மேகவன் என்ற கோவளம் மீனவர் தானாகவே அலைச்சறுக்கு கற்று, ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார் அல்லவா, அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. முதல் நாள் அவர் பலகையைத் தொடவே விடவில்லை. அரைமணி நேரம் கரையில் உட்கார வைத்து, "பெரிய அலை எத்தனை சேர்ந்தாற்போல் வருகிறது, எங்கே உடைகிறது, எண்ணிச் சொல்லுங்கள் சார்" என்றார். எனக்குக் கோபம்கூட வந்தது. மூன்றாம் நாள், "இனி நான் தள்ளமாட்டேன்" என்று கையை எடுத்துவிட்டார். அடுத்த நான்கு வகுப்பில் ஓர் அலைகூடப் பிடிக்கவில்லை. எட்டாவது வகுப்பில், பலகையில் படுத்தபடி எப்போது கையால் தண்ணீரைத் துழாவுவது என்று கைகளுக்கே தெரிந்தது. நுரை அலைதான், சின்னது. ஆனால் அது நானே பார்த்துத் தேர்ந்தெடுத்த அலை.

அதனால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எத்தனையாவது வகுப்பில் தள்ளுவதை நிறுத்துவீர்கள்?" தள்ளிவிட்டால் யாரையும் ஒரு நாளில் நிற்க வைத்துவிடலாம், படமும் எடுத்துக் கொடுத்துவிடலாம். சர்வதேச அலைச்சறுக்குச் சங்கத்தின் சான்றிதழ், உயிர்காப்புப் பயிற்சி இரண்டும் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பலகை மென்நுரைப் பலகையாக, ஒன்பது அடியாவது இருக்கட்டும்.

கட்டுமரத்து மகள்:

அக்கா, நான் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருப்பவள். ஐயா சொன்னது எல்லாம் சரி. கடலைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புதிதாகத் தொடங்காதீர்கள். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தெற்கிலிருந்து நல்ல அலை வரும். 2023இலும் 2025இலும் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டிகளை ஆகஸ்டில் வைத்தார்கள். உங்களுக்கு அவ்வளவு பெரிய அலை தேவையில்லை. பிப்ரவரி, மார்ச்சில் வரும் சின்ன அலையே போதும். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் இறங்குங்கள். பிறகு கடற்காற்று எழுந்து தண்ணீர் கலைந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்போம். தெண்டி ஓடும் நாளில் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பதாக நினைப்பீர்கள், அரை பர்லாங் வடக்கே போயிருப்பீர்கள். அப்பா கடலில் கரையைப் பார்த்துக் குறி வைப்பார். நானும் என் மாணவர்களிடம், "அந்தக் கோயில் கோபுரத்துக்கு நேரே இருங்கள்" என்றுதான் தொடங்குவேன். கரையில் குறி காட்டாத ஆசிரியர் கடலைப் பார்க்கவில்லை. உள்ளே இழுக்கும் ஓட்டத்தில் மாட்டினால் அதை எதிர்த்து நீந்தாதீர்கள். பலகையை விடாதீர்கள், அதன்மேல் படுத்துக் கையைத் தூக்குங்கள், அல்லது கரைக்கு இணையாகப் போய் ஓட்டத்தை விட்டு வெளியே வாருங்கள்.

முழங்காலுக்கு: ஒரே தாவலில் எழ வேண்டியதில்லை. பின்காலை முதலில் ஊன்றி, பிறகு முன்காலைக் கொண்டுவரும் முறை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

பொத்துவில் காற்று:

அக்காமார் யாராவது இலங்கைக்கு வந்து கற்க நினைத்தால்: கிழக்குக் கரையில் உள்ள எங்கள் அறுகம்பையின் பெயர்பெற்ற முனையில் அடியில் பாறை இருக்கிறது. தொடக்கத்தில் அங்கே வேண்டாம், உள்குடாவின் மணற்பகுதியைக் கேளுங்கள். எங்கள் பருவம் மே முதல் செப்டம்பர் வரை. மார்கழி, தை என்றால் தெற்கே வெலிகம. அங்கே மணல் தரை.

அடையாறு வாசகி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். முதல் இடத்தில், "முதல் நாளே நிற்க வைத்துவிடுவோம், கவலைப்படாதீர்கள்" என்றார்கள். இரண்டாவது இடத்தில் இருந்த ஆசிரியர் கொஞ்சம் யோசித்து, "உங்களைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?" என்றார். பிறகு அவர் என்னைக் கேட்டார்: "கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தூரம் தெரியும்?"

எனக்கு மைனஸ் மூன்று. கண்ணாடியைக் கழற்றினால் வரும் அலை வெறும் சாம்பல் நிறக் கோடு. இத்தனை நாளில் இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆரஞ்சு நிறச் சட்டை போட்டு என் பக்கத்திலேயே நின்று, எது சின்னது, எது பெரியது என்று குரல் கொடுத்தார். நான்கு பேருக்கு இரண்டு ஆசிரியர்கள்.

மூன்றாவது வகுப்புக்கு விடியற்காலை முதல் பஸ் பிடித்துப் போனேன். கடலைப் பார்த்துவிட்டு, "இன்று ஓட்டம் அதிகம், இறங்க வேண்டாம்" என்றார். ஒரு மணி நேரம் மணலிலேயே பின்கால் முன்கால் பழக வைத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். திரும்பி வந்து அண்ணனிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவரும் கரைவரை வருகிறார்.