உதவி: ஆங்கில வாக்கிய வகைகளின் வரையறை வாயில் வருகிறது, வாக்கியம் மட்டும் வரமாட்டேன் என்கிறது

மாலைவகுப்பு:

வணக்கம். ஆங்கிலத்தை முதலிலிருந்து கற்க வருகிற ஆறு பேருக்கு வாரம் 3 நாள் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று பேர் சிறுவர்கள், மூன்று பேர் வேலைக்குப் போகிற பெரியவர்கள். எல்லாருக்கும் தாய்மொழி தமிழ்தான்.

போன வாரம் வாக்கிய வகைகளை ஆரம்பித்தேன். கரும்பலகையில் அசெர்ட்டிவ் (செய்தி), இன்டராகேட்டிவ் (கேள்வி), இம்பெரேட்டிவ் (கட்டளை), எக்ஸ்க்ளமேட்டரி (வியப்பு) என்று நான்கையும் எழுதினேன். அதற்குக் கீழேயே சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை, இரண்டு எடுத்துக்காட்டு. மறுநாள் கேட்டால் வரையறையை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். வாக்கியத்தைக் கையில் கொடுத்தால்தான் சிக்கல்.

'வாட் எ லவ்லி பேர்ட்!' என்று எழுதிக் காட்டினேன். ஆறில் ஐந்து பேர் கேள்வி வாக்கியம் என்றார்கள். வாட் என்று ஆரம்பிக்கிறதே என்கிறார்கள். 'ஓபன் த டோர்' வாக்கியமே இல்லை என்கிறான் ஒரு பையன். எழுவாய் எங்கே என்று அவன் கேட்பதும் நியாயமாகத்தான் இருக்கிறது. சொந்தமாகக் கேள்வி அமைக்கச் சொன்னால் 'யூ ஆர் கமிங்?', 'வை யூ ஆர் லேட்?' என்றே வருகிறது.

கடைசியாக ஒருவர், "அப்படியானால் மொத்தம் ஏழு வகையா? கேள்வி வாக்கியம் காம்ப்ளெக்ஸாக இருக்க முடியாதா?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்? எந்த வரிசையில் சொல்லிக்கொடுத்தால் பிடிபடும்?

சாக்பீஸ்:

ஏழு வகையா என்று கேட்டாரே, அவர் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். நீங்கள் எழுதியது இரண்டு வேறு வேறு பிரிவுகள். ஒரு சட்டையை நிறத்தை வைத்தும் பிரிக்கலாம், அளவை வைத்தும் பிரிக்கலாம். நீலம், சிவப்பு, பெரியது, சிறியது என்று ஒரே பட்டியலில் எழுதினால் யாருக்கும் குழப்பம் வரும். முதல் நான்கும் வாக்கியம் என்ன வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தவை. பின்னால் எழுதிய மூன்றும் அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தவை. 'வேர் இஸ் ஹீ?' என்பது கேள்வி, கட்டமைப்பில் சிம்பிள். 'டூ யூ நோ வேர் ஹீ லிவ்ஸ்?' என்பதும் கேள்விதான், ஆனால் உள்ளே 'வேர் ஹீ லிவ்ஸ்' என்று ஒரு துணை வாக்கியம் இருப்பதால் காம்ப்ளெக்ஸ். அவரிடம் இதையே சொல்லுங்கள்.

அப்புறம் அந்த மூன்றையும் பலகையிலிருந்து அழித்துவிடுங்கள். ஒரு மாதத்துக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நான்கு வகையையும் வரையறையில் தொடங்காதீர்கள். கேட்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். நான் கதவைக் காட்டித்தான் ஆரம்பிப்பேன். 'த டோர் இஸ் ஓபன்' என்றால் கேட்டுக்கொண்டால் போதும். 'இஸ் த டோர் ஓபன்?' என்றால் பதில் சொல்ல வேண்டும். 'ஓபன் த டோர்' என்றால் எழுந்து போய்த் திறக்க வேண்டும். 'ஹவ் ஹெவி த டோர் இஸ்!' என்றால் சொல்கிறவரின் வியப்பு தெரிகிறது, அவ்வளவுதான். இந்த நான்கையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருங்கள். வாயால் வகையின் பெயரைச் சொல்லக் கூடாது, செய்து காட்ட வேண்டும் என்பது விதி. பத்து நிமிடத்தில் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். பெயர்களை மறுநாள் சொல்லிக்கொடுக்கலாம்.

எழுவாய்:

சாக்பீஸ் சொன்னதோடு இன்னொன்று. உங்கள் மாணவர்களிடம் ஏற்கனவே ஒரு முழு இலக்கணம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடாதீர்கள்.

அந்தப் பையனிடம் தமிழில் 'கதவைத் திற' என்று சொல்லிவிட்டு, யார் திறக்க வேண்டும் என்று கேளுங்கள். 'நான்' என்பான். வாக்கியத்தில் 'நீ' இருக்கிறதா? இல்லை. தோன்றா எழுவாய் என்று பள்ளியில் படித்திருப்பானே, அதுதான் இது. ஆங்கிலத்தில் கட்டளை வாக்கியத்தில் 'யூ' மறைந்திருக்கிறது. ஒரு வித்தியாசத்தை மட்டும் அப்போதே சொல்லிவிடுங்கள். தமிழில் 'வந்தேன்' என்றாலே 'நான்' தெரிந்துவிடும், அதனால் எங்கு வேண்டுமானாலும் எழுவாயை விடலாம். ஆங்கிலத்தில் 'கேம்' என்று மட்டும் எழுதினால் யார் வந்தது என்று தெரியாது. எழுவாயை முறையாக விட்டு எழுதுகிற இடம் கட்டளை வாக்கியம்தான் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

'வாட்' என்று ஆரம்பித்தால் கேள்வி என்பதை உடைக்க ஒரு ஜோடி போதும். பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள்:

ஹவ் டால் இஸ் ஹீ?
ஹவ் டால் ஹீ இஸ்!

சொற்கள் நான்கும் அதேதான். கடைசி இரண்டும் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. முதலாவதில் 'இஸ்' முன்னால் வந்துவிட்டது, அதனால் கேள்வி. இரண்டாவதில் 'ஹீ இஸ்' என்று செய்தி வாக்கியத்தில் இருந்த மாதிரியே இருக்கிறது, அதனால் வியப்பு. 'வாட் எ லவ்லி பேர்ட்' என்பதற்குப் பின்னால் 'இட் இஸ்' என்பது சொல்லாமல் நிற்கிறது என்று காட்டினால் அதுவும் விளங்கிவிடும். முதல் சொல்லைப் பார்க்காதே, எழுவாயும் வினையும் எந்த வரிசையில் நிற்கின்றன என்று பார் எனச் சொல்லிப் பழக்குங்கள்.

'வை யூ ஆர் லேட்?' என்பது சோம்பலால் வருகிற பிழை இல்லை. தமிழில் கேள்வி கேட்க எதையும் நகர்த்த வேண்டியதில்லை, ஓர் ஆகாரத்தை ஒட்டினால் போதும். 'அவள் நேற்று வந்தாளா?', 'அவள் நேற்றா வந்தாள்?', 'அவளா நேற்று வந்தாள்?' என்று நாம் விரும்பிய சொல்லில் ஒட்டிக்கொள்கிறோம். என்ன வசதி பாருங்கள். ஆங்கிலத்தில் இந்த ஒட்டு கிடையாது, அதனால் சொல் இடம் மாற வேண்டியிருக்கிறது. இதை ஒரு முறை தமிழிலேயே விளக்கிவிட்டால், ஏன் மாற்றுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். காரணம் தெரிந்த பிறகு செய்கிற பயிற்சியே தனி.

துண்டுச்சீட்டு:

கேள்வி அமைக்க நான் காகிதத் துண்டுகளைத்தான் பயன்படுத்துகிறேன். ஒரு துண்டில் ஒரு சொல். 'ஷி', 'இஸ்', 'சிங்கிங்' மூன்றையும் மேசையில் வைத்து, 'இஸ்' துண்டைக் கையால் எடுத்து முன்னால் வைக்கச் சொல்வேன். 'கேன்', 'வில்' இவற்றுக்கும் அப்படியே. இதுவரை சுலபம்.

'ஷி சிங்ஸ்' வரும்போதுதான் திணறுவார்கள். நகர்த்துவதற்குத் துணைவினை எதுவும் இல்லையே. இங்கே 'சிங்' ஒரு துண்டு, 'ஸ்' தனியாக ஒரு சின்னத் துண்டு. துணைவினை இல்லாத இடத்துக்கு 'டூ' வந்து நிற்கும். வந்ததும் அந்த 'ஸ்' துண்டை 'சிங்'கிலிருந்து பிய்த்து 'டூ'வோடு சேர்க்கச் சொல்வேன். 'டஸ்' ஆகிவிடும். 'டஸ் ஷி சிங்?' ஒரே ஒரு 'ஸ்'தான் இருக்கிறது, அது முன்னால் போய்விட்டது, பின்னால் மறுபடி எப்படி வரும்? கையால் ஒரு முறை பிய்த்து ஒட்டியவர்கள் 'டஸ் ஷி சிங்ஸ்?' என்று எழுதுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. 'ஷி சாங்' என்றால் இறந்தகாலம் முன்னால் போய் 'டிட்' ஆகிறது, 'சாங்' பழையபடி 'சிங்' ஆகிவிடுகிறது.

எதிர்மறைக்கும் இதே துண்டுகள் போதும். 'ஷி டஸ் நாட் சிங்'. இது தனி வகையா என்று கேட்பார்கள். இல்லை, எதிர்மறைச் செய்தி வாக்கியம். 'டோன்ட் ரன்' எதிர்மறைக் கட்டளை.

புதியவர்:

நான் சுருக்கமாகச் சொல்லிக்கொடுப்பேன். கடைசியில் கேள்விக்குறி இருந்தால் கேள்வி, வியப்புக்குறி இருந்தால் உணர்ச்சி, மற்றவற்றில் எழுவாய் இல்லாவிட்டால் கட்டளை. தேர்வுக்கு இது போதுமே?

எழுவாய்:

தேர்வுத் தாளில் பெரும்பாலும் ஓடிவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேச்சில் குறி கிடையாது. எழுதும்போதும் எந்தக் குறி போட வேண்டும் என்று தெரிய, வாக்கியத்தின் வகை முதலில் தெரிந்திருக்க வேண்டும். 'ஐ வொண்டர் வேர் ஹீ வென்ட்' என்பதைக் கேட்டால் கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் அது செய்தி வாக்கியம், முற்றுப்புள்ளிதான் வரும். 'ஸ்டாப்!' என்பது வியப்புக்குறி வந்தாலும் கட்டளை. குறியைச் சரிபார்ப்பதற்கு வைத்துக்கொள்ளலாம், கண்டுபிடிப்பதற்கு வேண்டாம்.

மாலைவகுப்பு:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வகுப்புகளில் செய்து பார்த்தேன். கதவுப் பயிற்சியும் 'ஹவ் டால்' ஜோடியும் அப்படியே வேலை செய்தன. துண்டுச்சீட்டு பெரியவர்களுக்குத்தான் அதிகம் பிடித்திருந்தது. 'வை ஆர் யூ லேட்?' என்று தானாகவே திருத்திக்கொள்கிறார்கள்.

இப்போது புதிதாக இரண்டு. ஒன்று, இடம் மாற்றக் கற்றுக்கொண்ட பிறகு 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ' என்று எல்லா இடத்திலும் மாற்றுகிறார்கள். இரண்டு, ஒரு மாணவியிடம் 'குட் யூ ஓபன் த டோர்?' என்றேன். 'யெஸ், ஐ கேன்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தார். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன், அவர் சொன்னார். இதை எந்த வகையில் சேர்ப்பது?

சாக்பீஸ்:

முதலாவது, நீங்கள் சொல்லிக்கொடுத்தது ஏறிவிட்டது என்பதற்கு அடையாளம், கவலை வேண்டாம். முழு வாக்கியமும் கேள்வியாக இருந்தால்தான் இடம் மாறும். கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் மாறாது. 'வேர் இஸ் ஹீ?' ஆனால் 'ஐ டோன்ட் நோ வேர் ஹீ இஸ்'. இந்த இரண்டையும் மட்டும் ஒரு வாரம் பேசிப் பழகட்டும்.

எழுவாய்:

இரண்டாவதற்கு நன்னூலே விடை வைத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் வினாவை ஆறாகப் பிரித்தார்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடை தெரிந்துகொண்டே வகுப்பில் நாம் கேட்பது அறிவினா. 'அந்தப் பேனாவை எடுத்துத் தருகிறாயா?' என்பது ஏவல் வினா, வடிவம் கேள்வி, வேலை ஏவுதல். 'குட் யூ ஓபன் த டோர்?' அச்சு அசல் அதுதான். வடிவத்தைக் கேட்டால் இன்டராகேட்டிவ் என்று எழுத வேண்டும், ஆனால் எழுந்து கதவைத் திறக்க வேண்டும். அந்த மாணவியிடம் பேனா வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், கை தானாகப் பேனாவுக்குப் போகும்.

ஒரு மாதம் கழித்து சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸுக்கு வருவீர்கள் இல்லையா, அதற்கு இப்போதே ஓர் எச்சரிக்கை. தனி, தொடர், கலவை என்ற தமிழ்ப் பெயர்களை அப்படியே பொருத்திவிடாதீர்கள். நம் இலக்கணத்தில் ஓர் எழுவாய் பல பயனிலை பெற்றாலும் தொடர் வாக்கியம். ஆங்கிலத்தில் 'ஐ கேம் ஹோம் அண்ட் ஸ்லெப்ட்' என்பது சிம்பிள்தான். 'அண்ட் ஐ ஸ்லெப்ட்' என்று இரண்டாவது எழுவாயும் வந்தால்தான் காம்பவுண்ட். அப்புறம், நாம் 'வீட்டுக்கு வந்த பிறகு தூங்கினேன்' என்று எச்சத்தாலேயே முடித்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில் 'ஆஃப்டர் கேம் ஹோம், ஐ ஸ்லெப்ட்' என்று எழுதுவார்கள். 'ஆஃப்டர் ஐ கேம் ஹோம்' என்று அந்தத் துணை வாக்கியத்துக்கும் தனி எழுவாய் வேண்டும். நீளத்தை வைத்து வகை சொல்லவும் விடாதீர்கள். 'வென் ஹீ கேம், ஐ லெஃப்ட்' ஐந்தே சொல், ஆனால் காம்ப்ளெக்ஸ்.

மாலைவகுப்பு:

பேனா வாக்கியத்தை இன்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எடுத்து நீட்டிவிட்டார். உடனே 'குட் யூ ஓபன் த டோர்?' என்றேன். சிரித்துக்கொண்டே போய்த் திறந்தார்.

எழுவாய் எங்கே என்று கேட்ட பையன் இன்று ஐந்து கட்டளை வாக்கியங்கள் எழுதிக்கொண்டு வந்தான். ஒவ்வொன்றின் முன்னாலும் பென்சிலால் மெலிதாக 'யூ' என்று எழுதி, என்னிடம் காட்டிவிட்டு, ஒவ்வொன்றாக அழித்தான்.