சாப்பாட்டில் நாட்டமில்லாத மெலிந்த நாய்க்கு எடை கூட்டுவது எப்படி?

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பிரௌனிக்கு மூன்று வயது ஆகிறது. கருத்தடை செய்த நாட்டு நாய்க் கலப்பு, எடை 12 கிலோ. விலா எலும்புகள் தூரத்திலிருந்தே தெரிகின்றன, இடுப்பெலும்பும் துருத்தத் தொடங்கியிருக்கிறது. ஓட்டத்திலும் குரைப்பிலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் தட்டில் வைக்கும் உலர் உணவில் கால்வாசியைக் கொறித்துக்கொண்டிருக்கும்போதே, வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் முன்கேட்டுக்கு ஓடிவிடுகிறது. அது திரும்புவதற்குள் தட்டில் எறும்பு மொய்த்துவிடுகிறது. மாலையில் மாமியார் தேநீர் குடிக்கும்போது போடும் மாரி பிஸ்கட்டை மட்டும், ஐந்தாறு ஆனாலும், தூள்கூட மிச்சமில்லாமல் தின்கிறது. எடை கூட்டும் சத்துப் பசை ஒன்றைக் கடையில் பரிந்துரைக்கிறார்கள். அதை வாங்கலாமா, அல்லது வீட்டுச் சமையலுக்கு மாற்றிவிடலாமா?

மறுமொழி (பட்டர்வொர்த்)

வணக்கம் சகோதரி. விலங்கு மருத்துவமனையில் உதவியாளராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் உள்ளங்கையால் அதன் விலாவைத் தடவிப் பாருங்கள். விரித்த புறங்கையைத் தடவுவதுபோல் எலும்பு மெல்லிய சதைக்கு அடியில் தட்டுப்பட்டால் அது நல்ல உடல்வாகுதான். மூடிய முட்டியின் கணுக்களைத் தடவுவதுபோல் இருந்தால் மெலிவு. மருத்துவர்கள் இதற்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுவார்கள். 4 அல்லது 5 சரியான நிலை. இடுப்பெலும்பு துருத்துகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் பிரௌனி அதற்குக் கீழே இருக்கும் என்றே நினைக்கிறேன்.

நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் ஆண்டு முழுவதும் பஞ்சமில்லை. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி நாள்பட்டுத் தங்கிவிட்டால், நாய் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்துகொண்டே பசி குன்றி இளைத்துவரும். இரத்தப் பரிசோதனையில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருப்பது பெரும்பாலும் அதைக் காட்டிக்கொடுக்கும். கொக்கிப்புழு குடற்சுவரைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சுவதால், ஈறு வெளிறியிருக்கிறதா என்று உதட்டைத் தூக்கிப் பாருங்கள். அப்போதே கடைவாய்ப் பற்களையும் பார்த்துவிடுங்கள், ஏனெனில் பல் உடைந்திருந்தால் பசி இருந்தும் உலர் உணவைக் கடிக்க அஞ்சும். புதிய மலத்தைச் சிறு புட்டியில் எடுத்துச் சென்று, இரத்தத்தையும் சேர்த்துச் சோதித்துவிடுங்கள். இவற்றைச் செய்யாமல் உணவை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா. நேற்று கொண்டுபோய்க் காட்டினோம். தட்டணுக்கள் இயல்பாக இருக்கின்றன, பற்களிலும் பழுதில்லை. மலத்தில் கொக்கிப்புழு முட்டை இருந்ததால் பூச்சி மருந்து கொடுத்து, சில வாரங்களில் மீண்டும் ஒரு வேளை கொடுக்க வேண்டும் என்றார்கள். எடை 14 கிலோ வரை ஏறலாமாம். இனி உணவை எப்படி அமைப்பது?

மறுமொழி (கெலுகோர்)

அந்த இரண்டாம் வேளையைத் தவறவிடாதீர்கள் தங்கை. குடலில் இருக்கும் புழு மருந்தால் செத்தாலும், திசுக்களில் ஒளிந்திருக்கும் இளம்புழுக்கள் பிறகு குடலுக்கு வந்து வளரும்.

உணவு விஷயத்தில், உங்கள் மாமியாரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. பெரியவர் மனம் நோகாமல் சொல்வது உங்கள் சாமர்த்தியம். ஒரு மாரி பிஸ்கட்டில் ஏறக்குறைய 25 கலோரி இருக்கும்; ஆறு தின்றால் 150. 14 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 800 கலோரி போதும். அதில் தின்பண்டம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. சிறிய பசியுள்ள நாய்க்கு மாலையில் இனிப்பு மாவால் வயிற்றை நிரப்பிவிட்டால், இரவுத் தட்டை அது முகர்ந்துகூடப் பார்க்காது. பிஸ்கட்டுக்குப் பதிலாக, அதே வேளையில், மாமியார் கையாலேயே, வேகவைத்த கோழியில் இரண்டு துண்டு கொடுக்கச் சொல்லுங்கள். அவருக்கும் குறை இருக்காது.

அதிகமாகத் தின்னாத நாய்க்கு அளவைக் கூட்டிப் பயனில்லை, ஒவ்வொரு வாயிலும் இருக்கும் சத்தைத்தான் கூட்ட வேண்டும். நாய்க்குட்டிகளுக்கான உலர் உணவில் கொழுப்பும் புரதமும் கூடுதல் என்பதால், ஒரு வார காலத்தில் பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து அதற்கு மாறுங்கள். மேலே ஒரு வேகவைத்த முட்டையை உதிர்த்துப் போட்டால் 70 கலோரி கூடும். கொஞ்சம் வெந்நீர் தெளித்து வெதுவெதுப்பாக வைத்தால் வாசனை எழும்பும். பல நாய்களுக்கு அதுவே போதும். பினாங்கு நண்பகல் வெயிலில் நமக்கே சோறு இறங்குவதில்லை. ஆகவே விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள். இடத்தையும் மாற்றுங்கள்: முன்கேட்டு கண்ணில் படாத பின்பக்கச் சமையலறையில், தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவே கிண்ணத்தை வைத்தால் எறும்பும் ஏறாது. இருபது நிமிடத்தில் தின்னவில்லையென்றால் எடுத்துவிடுங்கள். கெஞ்சி ஊட்ட வேண்டாம்.

வீட்டுச் சமையலை மட்டும் நம்பி மாறுவதை நான் ஆதரிப்பதில்லை. கோழியும் சோறும் மட்டுமே என்றால் சுண்ணாம்புச் சத்து போதாது.

கேள்வி கேட்டவர்

பசை வாங்க வேண்டியதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன் அக்கா. ஒரே ஒரு ஐயம்: வாரக் கடைசியில் மிஞ்சும் தேங்காய்ப்பால் கோழிக் குழம்பைச் சோற்றில் பிசைந்து வைத்தால் ஆர்வமாகத் தின்னும் போலிருக்கிறது. அதுவும் கொழுப்புதானே?

மறுமொழி (கெலுகோர்)

வேண்டவே வேண்டாம். அந்தக் குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். புழுவால் ஏற்கனவே இரத்தம் இழந்த நாய்க்கு அது இரட்டை அடி. திடீரென்று ஏறும் கொழுப்பு கணைய அழற்சியைக் கிளப்பக்கூடும். கொழுப்பு சேர்க்க விரும்பினால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அரைத் தேக்கரண்டி எண்ணெயில் தொடங்குங்கள். முழுத் தேக்கரண்டியில் 40 கலோரி இருக்கிறது. வேகவைத்த கோழி எலும்பும் கூடாது, அது கூர்கூராக உடையும்.

மறுமொழி (பட்டர்வொர்த்)

எடை பார்ப்பது பற்றி ஒரு சொல். வாரம் ஒரு முறை, காலையில் சாப்பிடுவதற்கு முன், நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 100 முதல் 200 கிராம் ஏறினாலே நல்ல முன்னேற்றம். ஒரு மாதமாகியும் முள் நகரவில்லை என்றாலோ, இடையில் வாந்தி, பேதி, ஒரு நாள் முழுக்கப் பட்டினி என்று ஏதேனும் கண்டாலோ, காத்திருக்காமல் மறுபடியும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.