எஃப்.எஸ்.ஏ படங்களின் நடுவே கறுப்பு ஓட்டை ஏன்?

கேள்வி – பழையபடம்:
மூன்று இரவாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத் தளத்தில்தான் கிடக்கிறேன். அங்கே எஃப்.எஸ்.ஏ (Farm Security Administration, ஏழை விவசாயிகளுக்கு உதவிய அமெரிக்க அரசு அமைப்பு) தொகுப்பு இருக்கிறது. 1935 முதல் 1944 வரை அரசே ஆள் அனுப்பி எடுத்த படங்கள், கறுப்பு வெள்ளை மட்டும் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல். நேற்று ஒரு விவசாயியின் படம் கிடைத்தது. வயலில் நிற்கிறார், ஆனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு கறுப்பு ஓட்டை. தலைப்பும் இல்லை. இதுபோல நிறைய இருக்கின்றன. ஸ்கேன் செய்ததில் கோளாறா?

பதில் – நெகட்டிவ்பெட்டி:
கோளாறு இல்லை, வேண்டுமென்றே போட்டது. இந்தப் படங்களை எடுக்க வைத்த பிரிவின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர், வேண்டாம் என்று கழித்த நெகட்டிவில் பஞ்ச் வைத்து ஓட்டை போட வைத்தார். ஆர்தர் ராத்ஸ்டைன், பென் ஷான் என்று அங்கே வேலை பார்த்த புகைப்படக்காரர்கள் யாரும் தப்பவில்லை. எடுத்தவர்களுக்கே கோபம் வந்து, 1930களின் முடிவில்தான் அந்த வழக்கம் நின்றது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, அந்த விவசாயி வேலையை நிறுத்திவிட்டு நின்று முகம் காட்டியிருக்கிறார் இல்லையா. தலைப்பில்லாத படங்களில் 'இதோடு தொடர்புடையதாக இருக்கலாம்' என்று வேறொரு படத்தின் தலைப்பைப் போட்டிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஊரும் வருடமும் தெரிந்துவிடும்.

பதில் – மாலைவெயில்:
ஒரு படம் பிடித்தால் அதோடு நிற்காதீர்கள், அழைப்பு எண்ணை (நூலகம் ஒவ்வொரு படத்துக்கும் கொடுத்திருக்கும் எண்) வைத்துப் பக்கத்துப் படங்களைப் பாருங்கள். இதே பிரிவின் புகைப்படக்காரர் டோரத்தியா லாங்கே 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோவில் எடுத்த அந்தத் தாய் படத்தை ('மைக்ரன்ட் மதர்', கூடாரத்தில் குழந்தைகளோடு இருக்கும் ஏழைத் தாய்) எல்லாருக்கும் தெரியும். அதே கூடாரத்தைத் தள்ளி நின்று எடுத்தவையும் அங்கேயே உள்ளன, கிழிந்த கூடாரத் துணி, கூடவே மூத்த பெண், எல்லாம் தெரியும். அப்புறம் அந்தப் புகழ்பெற்ற படத்தின் வலது கீழ் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் இருந்தது, லாங்கே பிற்பாடு அதை அழிக்க வைத்தார். அழிப்பதற்கு முந்தைய பிரதியும் நூலகத்தில் இருக்கிறது.

பதில் – ரயிலடி:
போர்க்காலத்தை விட்டுவிடாதீர்கள். 1942ல் இந்தப் பிரிவு போர்த் தகவல் அலுவலகத்துக்குப் போனது, வண்ணப் படங்களும் சுமார் 1,600 உண்டு. ஜாக் டெலானோ 1943ல் அயோவாவின் கிளின்டனில் எடுத்ததைத் தேடுங்கள், ரயில் எஞ்சின் துடைக்கும் பெண்கள் தலைத்துணியோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். ஜப்பானிய அமெரிக்கர்களை வீட்டைவிட்டு வெளியேற்றியதை ரஸ்ஸல் லீ எடுத்தவை இதே தொகுப்பில் கிடைக்கும். அதே வெளியேற்றத்தை லாங்கேயும் எடுத்தார், ஆனால் அவை வேறொரு அரசு அமைப்புக்காக எடுத்தவை, போர்க்காலத்தில் ராணுவம் அவற்றை முடக்கி வைத்தது, இப்போது தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

பழையபடம்:
நன்றி, மூன்று பேருக்கும். கட்டைவிரலைப் பார்த்துவிட்டேன்! அழித்த பிரதியிலும் மங்கலாக ஒரு நிழல் தங்கியிருக்கிறது. என் விவசாயியின் பக்கத்து எண்களில் ஓட்டை விழாத படம் ஏதாவது இருக்கிறதா என்று இன்றிரவு தேடப்போகிறேன்.